கீழ்ச் சரிவில் இனி பனி இல்லை, அண்ணா

என் அன்பு அண்ணனுக்கு,

நீ இருந்தபோது நாம் கடிதம் எழுதிக்கொண்டதே இல்லை. போன் போதுமாக இருந்தது. இப்போது அந்த நம்பருக்குக் கூப்பிட்டால் யாரோ எடுக்கிறார்கள். கம்பெனி அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. அதனால்தான் நான் இத்தனை வருடம் செய்தி எழுதிய பத்திரிகையிலேயே, ஊரே படிக்கும்படி உனக்கு எழுதுகிறேன். படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. உனக்குத் தெரிந்த சிலவற்றை அவர்களுக்காகத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

முதலில் ஊர்ச் செய்தி. திருச்சி பஸ் ஸ்டாண்டு பஞ்சப்பூருக்குப் போய்விட்டது. வெளியூர் பஸ்ஸெல்லாம் அங்கேதான். எடமலைப்பட்டி புதூரில் இருக்கிற செல்வி அண்ணியின் தங்கை வீட்டுக்கு இப்போது வாசல்வரை ஷேர் ஆட்டோ வருகிறது. அந்தப் பக்கம் நிலத்துக்கு வந்த மவுசைப் பார்த்தால் நீ சிரிப்பாய். காவிரியில் ஆடிக்கு முன்பே தண்ணீர் வந்தது. கொள்ளிடத்திலும் திறந்துவிட்டார்கள். அம்மா மண்டபம் படித்துறையில் பதினெட்டாம் பெருக்கு அன்று கால் வைக்க இடமில்லை. நான் கூட்டத்துக்கு வெளியே நின்றுகொண்டு, பழக்கதோஷத்தில் போனைக் கையில் எடுத்துவிட்டேன். யாருக்குப் பேச எடுத்தேன் என்று சொல்ல வேண்டுமா?

மேட்டூர்த் தண்ணீர் முக்கொம்புக்கு வந்து சேர்ந்த அன்று நான் உன்னைக் கூப்பிட்டு "வந்துருச்சுண்ணா" என்பேன். உன் மலையில் முதல் பனி நின்ற அன்று நீ என்னைக் கூப்பிட்டு "வந்துருச்சு கமலா" என்பாய். அதற்கு மேல் பேச்சு இருக்காது. எது வந்தது என்று இருவரும் கேட்டதில்லை. முப்பது வருடம் அப்படியே ஓடியது.

கைலாசபுரம் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த நீ, ரோப் கார் அமைக்கும் வேலைக்கென்று இமாச்சலம் போனாய். மூன்று மாதத்தில் வருகிறேன் என்று சொல்லிப் போனவன் இங்கிருந்த வேலையை விட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட்டாய். அப்பா ஸ்ரீரங்கத்தில் போகிற வருகிறவர்களிடமெல்லாம், "எம் பையன் இரும்புக் கயிறு புடிச்சு சொர்க்கத்துக்குப் போயிட்டான். அங்க சொர்க்கவாசல் வருஷம் பூரா தெறந்துதான் இருக்காம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபம்தான். ஆனால் நீ அனுப்பிய போட்டோவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் சொல்வார். பனிச்சறுக்கு மைதானத்தின் அடியில், ரோப் காரின் கீழ் நிலையத்தில் இரும்புச் சக்கரத்துக்கு முன்னால், குரங்குக் குல்லாய் போட்டு நீ நிற்கிற போட்டோ.

பிறகு செல்வி அண்ணியைக் கட்டிக்கொண்டு போனாய். அண்ணி கீழ் நிலையத்துக்கு எதிரில் மெஸ் வைத்தார். டெல்லியிலிருந்தும் சண்டிகரிலிருந்தும் சறுக்க வருகிறவர்கள் ஸ்கீ பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு இட்லி சாப்பிட்டார்கள். அந்தக் குளிரில் மாவு பொங்காது என்று எல்லோரும் சொன்னபோது, விறகு அடுப்புக்குப் பக்கத்தில் பாத்திரத்தை வைத்துக் கம்பளி போர்த்தி, குழந்தையைப் போல வளர்த்தவர் அண்ணி. உங்களுக்குக் குழந்தை இல்லை என்பதால் அந்த வார்த்தையை நான் யோசித்துத்தான் எழுதுகிறேன். அண்ணியே சொன்ன வார்த்தை அது.

நீ போய் மூன்று மார்கழி ஆகிவிட்டது. மூன்றிலும் பனி சரியாக வரவில்லை.

உனக்கு இது புதிதாக இருக்காது. உன் கடைசி வருடங்களிலேயே தொடங்கிவிட்டது. மார்கழியில் விழ வேண்டியது மாசியில் விழுந்தது. விழுந்ததும் ஈரப் பனி. இரண்டு வெயிலுக்குத் தாங்கவில்லை. பனி விழ வேண்டிய நாளில் மழை பெய்து, இருந்ததையும் கழுவிக்கொண்டு போனது. ஒரு முறை நான் போனில் "என்னண்ணா, இன்னும் வரலியா?" என்று கேட்டேன். "மேல இருக்கு கமலா. இன்னும் தெறந்துவிடல" என்றாய். இருவரும் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பை நான் அதன்பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். நாம் காவிரிக்கரைக்காரர்கள். ஆற்றில் தண்ணீர் இல்லையென்றால் நாம் வானத்தைப் பார்ப்பதில்லை, மேட்டூரைப் பார்ப்போம். எங்கேயோ இருக்கிறது, யாரோ அடைத்து வைத்திருக்கிறார்கள், மறியல் செய்தால், மனு கொடுத்தால், ஒருநாள் திறப்பார்கள் என்று காத்திருப்போம். தண்ணீர் தாமதமாகும், ஒரேயடியாக நின்றுவிடாது என்பது நம் ரத்தத்தில் ஊறியது. பனியையும் நீ அப்படித்தான் நினைத்தாயா, அல்லது என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னாயா? இதை மட்டும் உன்னிடம் கேட்காமல் விட்டுவிட்டேன்.

ஆனால் அண்ணி அதை நம்பினார். ஒவ்வொரு கார்த்திகையிலும் சீசனுக்கு வேண்டிய அரிசியும் உளுந்தும் வாங்கி அடுக்கிவிட்டு, பெஞ்சுகளைத் துடைத்துப் போட்டு, மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அக்கம்பக்கத்தில் ஓட்டல் வைத்திருந்த மலைக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக மூடிவிட்டு ஆப்பிள் தோட்டத்துக்கும் டாக்சி ஓட்டவும் போனார்கள். அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. திருச்சிக்காரர் மட்டும் திறப்பார்கள் என்று காத்திருந்தார்.

போன தை மாதம் நான் கிளம்பிப் போனேன். பனிச்சறுக்கு மைதானங்கள் எல்லாம் மலையில் மேலே மேலே நகர்வதைப் பற்றி எழுதித் தருகிறேன் என்று ஆசிரியரிடம் சொன்னேன். உண்மையில் அண்ணியைக் கையோடு அழைத்து வந்துவிட வேண்டும் என்றுதான் போனேன். எடமலைப்பட்டி புதூரில் தங்கை வீட்டு மாடியை வெள்ளையடித்து வைத்திருந்தார்கள். ஸ்ரீரங்கத்தில் என் வீடும் இருக்கிறது. அந்த மலையில் அறுபது வயதில் தனியாக என்ன வேலை?

நான் போய் இறங்கியபோது கீழ்ச் சரிவு முழுக்கப் பழுப்புப் புல். நடுவில் உன் தூண்கள் வரிசையாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. இரண்டு குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. அண்ணி வாசலில் நின்றிருந்தார். உன் பழைய கோட்டைப் போட்டிருந்தார். கை நீளமாக இருந்ததால் மடித்துவிட்டிருந்தார்.

"என்ன கமலா, பனி பாக்க வந்தியா? கொஞ்சம் லேட்டு. போன ஜென்மத்துல வந்திருக்கணும்."

"உங்களைப் பாக்கத்தான் வந்தேன் அண்ணி."

"பாத்தாச்சுல்ல. வா, இட்லி இருக்கு. சாப்பிட ஆள்தான் இல்ல."

அன்று சாயங்காலம் பிரேம் வந்தார். நீ வேலையில் சேர்த்துவிட்ட பையன் என்று சொல்வாயே, அவர்தான். இப்போது அவருக்கே நரைத்துவிட்டது. சறுக்கச் சொல்லிக் கொடுப்பார், ரோப் காரையும் பார்த்துக்கொள்கிறார். அண்ணியை இந்தி வழக்கப்படி பாபி என்கிறார். உன்னிடம் கற்ற திருச்சித் தமிழை விடவில்லை. வந்ததும் "சாப்டாச்சாங்க?" போகும்போது "போயிட்டு வரேங்க." இடையில் பேசியதெல்லாம் இந்தி.

பனி செய்யும் எந்திரத்தை எனக்குக் காட்ட அழைத்துப் போனார். பெரிய மின்விசிறி போல இருந்தது. தண்ணீரைப் பொடிப்பொடியாகக் காற்றில் அடிக்கும். குளிர் போதுமான அளவு இருந்தால் கீழே விழுவதற்குள் உறைந்து பனியாகிவிடும். கீழ்ச் சரிவைக் காப்பாற்ற அதைத்தான் நம்பினார்களாம். ஆனால் அதற்கும் குளிர் வேண்டும், காற்று உலர்ந்திருக்க வேண்டும். நான் பார்த்த அன்று வெயில் போன பிறகும் குளிர் பத்தவில்லை. எந்திரம் இரைந்தது. தண்ணீர் தண்ணீராகவே விழுந்து புல்லை நனைத்தது.

கூட வந்திருந்த அண்ணி கம்பளிக்குள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். "அம்மா மண்டபத்துல ஷவர் வெச்சாங்களே, ஞாபகம் இருக்கா?" என்றார்.

இருந்தது. காவிரியில் மணல் மட்டும் இருந்த ஓர் ஆடியில், படித்துறையில் போர்வெல் தண்ணீரைக் குழாயில் இறக்கி ஷவர் போட்டுக் கொடுத்தார்கள். புதுத் தாலிக்கயிறு மாற்ற வந்தவர்கள் அதன் அடியில் வரிசையில் நின்று தலையை நனைத்துக்கொண்டு போனார்கள். நான் அதைச் செய்தியாக எழுதினேன். அண்ணி அந்த வருடம் ஊருக்கு வந்திருந்தார். அவரும் வரிசையில் நின்றார்.

"அன்னிக்குக் குளிச்சா மாதிரியும் இருந்துச்சு, குளிக்காத மாதிரியும் இருந்துச்சு" என்றார் அண்ணி. நான் அந்த ஆடியின் கதை முழுவதையும் இந்தியில் பிரேமுக்குச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"பாபி, அங்கே அடுத்த வருடம் ஆறு வந்ததா?"

"வந்துச்சு."

"இங்கே வராது" என்றார் அவர், மெதுவாக.

மறுநாள் நிர்வாகத்தில் ஒருவரைப் பார்த்து முறையாகக் கேட்டேன். கீழ்ச் சரிவை இனித் திறப்பதில்லை என்று முடிவாகிவிட்டது. ரோப் கார் ஓடும். ஆனால் சறுக்கு நடு நிலையத்திலிருந்துதான் தொடங்கும். அங்கே உயரம் அதிகம், சரிவு வடக்கைப் பார்த்து இருக்கிறது, வெயில் குறைவு, விழுந்த பனி நிற்கிறது. இது உன் மலையில் மட்டும் நடப்பதில்லை. வெளிநாடுகளிலும் தாழ்வான இடங்களில் இருந்த மைதானங்களை மூடித் தூண்களைப் பிடுங்கி எடுத்துப் போகிறார்கள். பிழைப்பவை உயரத்தில் இருப்பவை மட்டும். பாலைவனத்து நகரத்தில் கட்டடத்துக்குள் பனி போட்டுச் சறுக்குகிறவர்களும் இருக்கிறார்கள் என்பது வேறு கதை.

மேலே போவதும் லேசான காரியம் இல்லை. நடு நிலையத்துக்கு மேலே மரம் கிடையாது; பனிச்சரிவைத் தடுக்க எதுவும் இல்லை. காற்று பலமாக அடித்தால் ரோப் காரை நிறுத்த வேண்டும். எந்திரத்துக்கு வேண்டிய தண்ணீரை ஓடையிலிருந்து எடுத்தால் கீழே கிராமத்தின் குடிதண்ணீர் குறைகிறது. "நடு நிலையமும் போய்விட்டால்?" என்று கேட்டேன். "மேல் நிலையம்." "அதற்கும் மேலே?" அவர் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார். செங்குத்தான பாறை.

வெளியே வந்ததும் அண்ணியிடம் சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. நடு நிலையத்தில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது, மெஸ் வைக்க வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் கேட்டிருந்தார்கள். அந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அவர் என்னிடம் சொல்லவில்லை.

"எதுக்குச் சொல்லணும்? சொன்னா உடனே டிக்கெட் போட்டுருவே."

"இப்பவே போட்டுட்டேன் அண்ணி. ரெண்டு பேருக்கும்."

"யாரைக் கேட்டு?"

"உங்க தங்கச்சியைக் கேட்டு."

"அவளுக்கென்ன, மாடியில வாடகைக்கு ஆள் வரல, நான் வந்தா வீடு சுத்தமா இருக்கும்" என்றார் அண்ணி. சொல்லிவிட்டு எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டார். "வா, கொட்டகையைப் பாத்துட்டு வருவோம். பாத்துட்டு நீயே சொல்லு."

உன் ரோப் காரில் நான் அதுவரை ஏறியதில்லை, அண்ணா. நான் வந்ததெல்லாம் மே மாதம், வெயிலுக்குத் தப்பி. பராமரிப்புக்காக நிறுத்தி வைத்திருப்பார்கள். சாமான்களைப் பிரித்துப் போட்டுக் கழுவி எண்ணெய் போடுவாய். அது ஓடும்போது நீ எப்படி இருப்பாய் என்று நான் பார்த்ததே இல்லை.

பெட்டி ஆடியபடி மேலே போனது. காலடியில் புல், பிறகு கல், பிறகு தேவதாரு மரங்கள். திடீரென்று மரங்களுக்கு நடுவே ஒரு கோடு. அதற்குக் கீழே பழுப்பு, மேலே வெள்ளை. யாரோ சுண்ணாம்பு அடித்துக்கொண்டே வந்து பாதியில் நிறுத்தியதைப் போல இருந்தது. அண்ணி கண்ணாடியில் விரலை வைத்தார்.

"நான் வந்த புதுசுல இது நம்ம வாசல்படியில இருந்துச்சு. வெளிய காலை வெச்சா முழங்கால் வரைக்கும் போவும். உங்கண்ணன் என்னைத் தூக்கிட்டுப் போயி எதிர்ல விட்டாரு. ஊரே பாத்துச்சு."

"எங்கிட்ட சொன்னதே இல்லியே."

"தங்கச்சிகிட்ட சொல்ற விஷயமா அது?"

நடு நிலையத்தில் இறங்கியபோது எனக்கு மூச்சு வாங்கியது. கொட்டகை ஒரு பஸ் அளவுக்கு இருந்தது. தகரத்தின் இடுக்குகளில் காற்று விசில் அடித்தது. ஒரு மூலையில் விறகு அடுப்பு. அண்ணி அதைத் தட்டிப் பார்த்தார், புகைபோக்கிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இங்க மாவு பொங்காது அண்ணி" என்றேன். என்னிடம் இருந்த வலுவான வாதம் அதுதான்.

"பொங்காதுதான். கீழ அரைச்சுப் பொங்க வெச்சு, காலையில முதல் பெட்டியில ஏத்திருவேன். அடுப்பு மட்டும் மேல."

"உங்களுக்கு முடியாம போச்சுன்னா?"

"முடியாம போனா எடமலைப்பட்டி புதூர்ல மட்டும் முடியுமா?"

நான் விடவில்லை. எத்தனையோ அதிகாரிகளிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கியவள் நான். இங்கே உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்றேன். அண்ணன் இல்லை, பனியும் இல்லை, எதைப் பிடித்துக்கொண்டு இங்கே இருக்கிறீர்கள் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

அண்ணி அடுப்பை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தார். எதிரே நிலையத்தில் பெரிய சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் அடியில் நாலைந்து பேர் பெட்டிகளைப் பிடித்து நிறுத்தி ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அவர் போனப்புறம் ஊருக்கு வந்து தங்கச்சி வீட்ல ரெண்டு மாசம் இருந்தேன்ல கமலா. எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க. அவரைப் பத்திப் பேசினீங்க. சின்ன வயசுல கொள்ளிடத்துல நீச்சலடிச்சாரு, அப்பாகிட்ட அடி வாங்கினாரு, எல்லாம் சொன்னீங்க. ஆனா அவர் வேலை செய்யறதைப் பாத்தவங்க அங்க ஒருத்தர்கூட இல்ல. அவர் ஆயுசுல பாதிக்கு மேல இதுதானே? அங்க நிக்கிறானுங்க பாரு, அவனுங்க ஒவ்வொருத்தனும் பாத்திருக்கான்."

ஊரில் உன்னைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது, கிளம்பிப் போவதற்கு முன்பிருந்த உன்னைத்தான். நானும் அவர்களில் ஒருத்தி.

பிரேம் அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தார். கிட்டே போய், அண்ணன் காலையில் வேலையை எப்படித் தொடங்குவார் என்று கேட்டேன். அவர் கையுறையைக் கழற்றினார். முதல் தூணின் மேல் வெறும் உள்ளங்கையை வைத்தார். தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, மேலே கம்பி ஓடுகிற அதிர்வைக் கேட்டார். பிறகு அப்படியே நின்றபடி, ஒரு காலை மட்டும் லேசாகத் தூக்கிக் குதிகாலைத் தரையில் தட்டினார். எல்லாம் சரி என்று அர்த்தமாம். தினமும் அதைச் செய்த பிறகுதான் முதல் ஆளை ஏற்றவிடுவாயாம். பிரேமும் அப்படியேதான் செய்கிறார். அவரிடம் கற்ற புதுப் பையன்களும் அப்படியே. குதிகாலை எதற்குத் தட்டுகிறோம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

எனக்குத் தெரியும், அண்ணா. அம்மா சோறு வடித்துவிட்டுக் கஞ்சிப் பானையை இறக்கிய கையோடு குதிகாலைத் தட்டுவாள். காரணம் அவளுக்கும் தெரியாது. ஸ்ரீரங்கத்து அடுப்படியில் இருந்த அந்தத் தட்டு பனிமலையில் நான்கு பேர் காலில் இருக்கிறது. நான் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன் போலிருந்தது. அந்தக் குளிரில் அழுதால் கன்னம் எரியும் என்று அண்ணி எச்சரித்திருந்தார்.

என் டிக்கெட்டை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை ரத்து செய்தேன். கிளம்புவதற்கு முன் கொட்டகைக்குப் பாத்திரங்களை ஏற்ற உதவினேன். இட்லிப் பானை, பெரிய குண்டான், கரண்டிகள், உன் போட்டோ. அந்த வெள்ளைக் கோடு வந்த இடத்தைத் தாண்டும்போது பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. அண்ணி அவற்றை ஒரு கையால் அணைத்துக்கொண்டார்.

நடு நிலையம் எத்தனை வருடம் தாங்கும் என்று எனக்குத் தெரியாது. நான் விசாரித்தவர்களும் உறுதியாகச் சொல்லவில்லை. அந்தக் கோடு மேலே போய்க்கொண்டேதான் இருக்கிறது. இதற்கு மனு கொடுக்க ஓர் அலுவலகம் இல்லை, மறியல் செய்ய ஒரு சாலை இல்லை, திறந்துவிடச் சொல்ல ஒரு மதகு இல்லை. உலகமெல்லாம் புகைத்த புகைக்கு உன் தூண்கள் புல்லில் நிற்கின்றன. நான் இதைத்தான் செய்தியாக எழுதினேன். நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். நீ படித்திருந்தால் "தூணோட உயரத்தைத் தப்பாப் போட்டிருக்கியே" என்றிருப்பாய். அதைச் சொல்ல ஆள் இல்லாமல், எது தப்பு என்று தெரியாமல் இருக்கிறது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அண்ணியை ஊருக்கு வந்துவிடுங்கள் என்று இனிக் கேட்க மாட்டேன். அவராக ஒருநாள் அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன் என்றால், போய் அழைத்து வருவேன். அதுவரை ஒவ்வொரு தையிலும், ரோப் கார் ஓடுகிற நாளாகப் பார்த்து, நானே போவேன். அந்தச் சக்கரத்தின் அடியில் நிற்கிறவர்கள் ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து கேட்பேன். நீ என்ன சொல்லித் திட்டுவாய், எதற்குச் சிரிப்பாய், காற்று பலமான நாளில் உன் முகம் எப்படி இருக்கும், எல்லாவற்றையும். கேட்பது என் தொழில். பனி இருக்கிற வரைக்கும் அவர்கள் அங்கே இருப்பார்கள். அதற்குள் உன்னை முழுக்கக் கேட்டுத் தெரிந்துகொண்டுவிடுவேன்.

நீ வேலை செய்வதை ஒருநாளும் பார்க்காத உன் தங்கை,
கமலா
ஸ்ரீரங்கம்